ஒட்டடை அடிக்காத மூலை

போகிக்கு வீடு முழுக்க ஒட்டடை அடித்தாயிற்று, ஒரு மூலையைத் தவிர. பின்பக்கத் தாழ்வாரத்தில் தகரக் கூரையும் சுவரும் சேருகிற இடம் அது. துணி காயப்போடும் கம்பிக்கு மேலே ஒரு முழ நீளத்துக்கு ஒட்டடை தொங்குகிறது. நான்கு வருஷமாக அந்த மூலைக்கு நான் கோலைக் கொண்டுபோவதில்லை.

வீடியோ காலில் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா அத ஏன்டி அப்படியே விட்டு வச்சிருக்க?"

"அது தேன்சிட்டுக்கும்மா."

"ஒட்டடையத் தின்னுமா அது?"

அம்மாவுக்குப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நாங்கள் இருப்பது சீஷெல்ஸில், மாஹே தீவில். விக்டோரியா நகரத்துக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு வாடகை வீடு. அவர் கீழே நகரத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தே தையல். மாயவரத்திலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. இங்கே தமிழர்கள் புதியவர்கள் இல்லை. 1770-ல் இந்தத் தீவுகளில் முதன்முதலாகக் குடியேற வந்த 28 பேரில் ஐந்து பேர் இந்தியர்கள். இன்று கடைத்தெருவில் பிள்ளை, நாயுடு, செட்டி என்று பெயர்ப்பலகைகள் தென்படும். 1992-ல் எழும்பிய நவசக்தி விநாயகர் கோயில் விக்டோரியாவின் நடுவில் இருக்கிறது. என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கோயிலில் பழக்கமானவர்கள்தான்.

இனி குருவிக்கு வருகிறேன்.

ஊரில் எங்கள் கொல்லை முருங்கை பூத்தால் தேன்சிட்டு வரும். ஆண் ஊதாத் தேன்சிட்டு வெயிலில் வந்து உட்கார்ந்தால் கருநீலமும் ஊதாவுமாக மின்னும். தேன்சிட்டு என்றால் அதுதான் என் மனதில். இங்கே வந்த முதல் வாரம், பின்பக்கச் செம்பருத்தியில் ஒரு சின்னக் குருவி தலைகீழாகத் தொங்கியது. வளைந்த நீள மூக்கு, துருதுருப்பு எல்லாம் தேன்சிட்டேதான். நிறம் மட்டும் இல்லை. அடுப்புக்கரி படிந்தது போல முழு உடம்பும் மங்கல். ஏதோ நோய் கண்ட குருவி என்று நினைத்தேன். மறுநாள் இன்னொன்று, அதுவும் அப்படியே. அந்தக் காலத்தில் ஊர் நினைப்பு வேறு நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது. இந்த ஊர்த் தேன்சிட்டு கூட வாடியிருக்கிறதே என்று அன்றைக்கு அழுதது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து வீட்டில் ஒரு கிரியோல் பாட்டி, அதாவது பல வம்சங்கள் கலந்த இந்தத் தீவுக்காரர், இருக்கிறார். எழுபது தாண்டியவர். அவர்தான் பெயர் சொன்னார்: "கொலிப்ரி." கொலிப்ரி என்பது உண்மையில் ஹம்மிங்பேர்டுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் பெயர். ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. தேன் குடிக்கிற சின்னப் பறவை எதைக் கண்டாலும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இது அந்தக் குடும்பத்துக்குத் தூரத்து உறவுகூட இல்லை, சுத்தமான தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டு அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும். நம்முடையது காம்பைப் பிடித்து உட்கார்ந்து, எட்டி, சாய்ந்து, தொங்கிக் குடிக்கும். அவசியம் வந்தால் ஓரிரு நொடி சிறகடித்து அந்தரத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

சீஷெல்ஸ் தேன்சிட்டு உலகத்தில் இந்தக் கருங்கல் தீவுகளில் மட்டும்தான் உண்டு. மாஹே, பிராலன், லா தீக், சில்வெட் என்று கைக்கு அடக்கமான சில தீவுகள். இவற்றில் பெரியது மாஹே, அதுவே சுமார் 155 சதுர கிலோமீட்டர்தான். இதே நாட்டைச் சேர்ந்த அல்டாப்ரா பவளத்தீவு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தென்மேற்கே கிடக்கிறது. அங்கேயும் தேன்சிட்டு உண்டு, ஆனால் அது மடகாஸ்கர் பக்கத்து இனத்துக்கு உறவு, வேறு ஜாதி. எங்கள் கொல்லைக்கு வருகிறதை 1861-ல் ஹார்ட்லாப் என்ற ஜெர்மன் மருத்துவர் உலகத்துக்குப் பதிவு செய்தார். துசுமியே என்ற பிரெஞ்சு வணிகரின் பெயரை அதற்கு வைத்தார். அவர் கப்பலோட்டி வணிகம் செய்தபடியே இந்தியப் பெருங்கடல் நெடுக உயிரினங்களைச் சேகரித்தவர். நம் கடலில் பிடிபடுகிற, மத்திக்கு உறவான ஒரு மீன் வகைக்கும் அதே துசுமியே பெயர்தான்.

அளவு என்று பார்த்தால், என் தையல் டேப்பில் நாலரை அங்குலம், அதில் மூக்கு வேறு சேர்த்தி. ஆண் குருவி சிலேட்டுப் பலகை நிறம். பெண் இன்னும் மங்கல், பழுப்பு கலந்த சாம்பல். தொண்டையிலும் அந்தப் பளபளப்பு இல்லை.

பளபளப்பா என்று கேட்பீர்கள். எனக்கே அது தெரிய ஒரு வருஷம் பிடித்தது. காலை ஏழரை மணிக்கு எதிர் மலையைத் தாண்டி வெயில் எங்கள் தாழ்வாரத்தில் சாய்வாக விழும். அந்த வெயிலில் ஆண் குருவி கம்பியில் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் கழுத்திலும் தொண்டையிலும் ஒரு நீலப்பச்சை ஓடும். இன்னும் கொஞ்சம் திரும்பினால் அணைந்துவிடும். மயில்கழுத்துப் பட்டு தைத்தவர்களுக்கு இது புரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், துணியை அசைத்தால்தான் மூன்றாவது நிறம் வரும். சாயத்தில் அந்த நிறம் கிடையாது, நெசவில் இருக்கிறது. இறகிலும் அப்படித்தான். சாயம் கறுப்புதான். இறகு இழைக்குள் அடுக்கடுக்காக இருக்கிற நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும்போது நீலமும் பச்சையும் பிறக்கின்றன. நிழலில் பார்க்கிறவனுக்கு அது கரிக்குருவி.

இன்னொரு நிறமும் அதனிடம் இருக்கிறது, அதை அது மடித்து வைத்திருக்கிறது.

பாட்டியின் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வண்டியை எங்கள் வேலி ஓரம் நிறுத்துவார். ஒரு நாள் டக் டக் என்று சத்தம். போய்ப் பார்த்தால், ஆண் தேன்சிட்டு வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி மேல் உட்கார்ந்து குனிந்து உள்ளே இருக்கிற தன்னையே கொத்துகிறது. வேறொரு ஆண் தன் இடத்தில் புகுந்துவிட்டது என்று நினைப்பு. நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன், கவலையே இல்லை. கோபம் ஏற ஏற உடம்பைச் சிலிர்த்தது. அப்போதுதான் இரண்டு சிறகு மடிப்பின் ஓரத்திலிருந்தும், நெஞ்சின் பக்கவாட்டில், இரண்டு மஞ்சள் குஞ்சங்கள் வெளியே வந்தன. வெறும் மஞ்சள் என்று சொல்லக் கூடாது, அடியில் ஆரஞ்சு ஓடிய மஞ்சள். ஒன்பது மாதம் தினமும் பார்த்த குருவியிடம் அப்படி ஒரு நிறம் இருந்தது எனக்குத் தெரியாது. நாலைந்து நொடி. பிறகு கண்ணாடியிலிருந்து விலகி உட்கார்ந்து சிறகை மடித்தது. மறுபடி சிலேட்டு.

அன்று முதல் வண்டி நின்றால் அந்தக் கண்ணாடிக்கு நான் தைத்த துணி உறை ஒன்றைப் போட்டுவிடுவார் பாட்டியின் மகன். இல்லாவிட்டால் அது மாலை வரை சாப்பிடாமல் சண்டை போடும். இவ்வளவு சின்ன உடம்பு அதற்குத் தாங்காது.

அது பாடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உருவத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம் போலக் கிறீச்சிட்டு, வேகவேகமாகச் சுழன்று, சட்டென்று நிற்கும். இனிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடிந்ததும் வருகிற முதல் சத்தங்களில் அது ஒன்று. ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்தால் மூன்றாம் நாளே காது அதைத் தேடுகிறது.

சாப்பாட்டில் அது எதையும் ஒதுக்குவதில்லை. தென்னம்பாளை வெடித்தால் அங்கே இருக்கும். வாழைப்பூ மடல் விரிந்தால் அங்கே. செம்பருத்தியில் மட்டும் வேறு வழி வைத்திருக்கிறது. முன்பக்கமாகப் போய்க் குடித்தால் மகரந்தம் ஒட்டும், பூவுக்கும் பிரயோசனம். அது அப்படிச் செய்வதில்லை. பூவின் அடியில், பச்சைப் புல்லிவட்டத்துக்குப் பக்கத்தில், மூக்கால் ஒரு குத்து. பூஜைக்குப் பறிக்கும்போது பார்த்தால் பாதிப் பூக்களின் அடியில் நம்பர் 16 ஊசி நுழைந்தது போல ஓட்டை இருக்கும். முதலில் புழு என்று நினைத்து மருந்து அடிக்கப் பார்த்தேன். நல்லவேளை பாட்டி கையைப் பிடித்தார்.

தேன் மட்டும் போதாது அதற்கு. பூச்சி, புழு, முக்கியமாகச் சிலந்தி. சிலந்தியைத் தின்னும், அதன் வலையைக் கொண்டுபோய்க் கூடு கட்டும். அம்மாவுக்குப் பதில் இதுதான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர். இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை வடமேற்குக் காற்று, மழைக்காலம். ஒரு பெண் குருவி அந்த மூலைக்கு வந்தது. உட்காரப் பிடிமானம் இல்லாத இடம். சிறகை அடித்து அந்தரத்தில் நின்று, மூக்கு நுனியால் ஒட்டடையின் ஓர் இழையைக் கவ்வி, தலையைச் சுற்றி ஒரு திருகு திருகியது. இழை மூக்கில் பஞ்சு மிட்டாய் போலச் சுருண்டது. இன்னும் இரண்டு சுற்று. அப்படியே எடுத்துக்கொண்டு முன்வாசல் காகிதப்பூச் செடிக்குப் போனது. நான் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பின்னால் போனேன்.

சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொப்பின் நுனியில், குப்பை சிக்கியது போல ஒரு கொத்து தொங்கியது. பெண் குருவி இழையை அந்தக் கொத்தின் மேல் தேய்த்து ஒட்டியது. மூக்கை இப்படியும் அப்படியும் இழுத்தது. பூவேலைக்காரி நூலை முடிச்சுப் போடாமல் சுற்றிச் சுற்றி நிறுத்துவாளே, அந்தக் கை. பிறகு பாசி, காய்ந்த புல், தென்னை நார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒட்டடை. பத்து நாளில் பேரிக்காய் வடிவத்தில் ஒரு பை உருவானது. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் ஒரு சிறு தாழ்வாரம். வேலை முழுக்கப் பெண்தான். ஆண் மேலே கம்பத்தில் நின்று ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஜனவரி இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் ராத்திரி காற்றில் அந்தக் கொப்பு சுவரோடு மோதிய சத்தம் படுக்கையிலிருந்தே கேட்டது. விடிந்து பார்த்தால் கூடு தரையில், நனைந்து ஒரு பக்கம் கிழிந்து. உள்ளே ஒரே ஒரு முட்டை, சுண்டுவிரல் நுனி அளவு, உடைந்திருந்தது. பெண் குருவி கொப்பின் நுனிக்கு வந்து, கூடு இருந்த வெற்றிடத்தில் அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனது. திரும்ப வந்தது. திரும்பப் போனது. அன்று முழுக்க நான் மிஷினில் உட்காரவில்லை.

கூட்டை எடுத்து ஒரு தட்டில் காயவைத்து, மறுநாள் தையல் மேஜையில் வைத்துப் பிரித்தேன். வெளியே பாசியும் சின்னச் சின்னப் பட்டைத் துணுக்குகளும். நடுவில் புல்லும் நாரும் வளையம் வளையமாக. உள்ளே இலவம்பஞ்சும் இறகும் அமுக்கி ஒரு மெத்தை. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது ஒட்டடைதான். விரலால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், நனைந்தும் அறுந்துபோகவில்லை. குஞ்சு வளர வளரக் கூடு இடம் கொடுக்க வேண்டும் இல்லையா, அதற்கு இதைவிட நல்ல எலாஸ்டிக் கிடையாது. முட்டை போனது கூட்டின் தையல் விட்டதால் இல்லை, கொப்பு சுவரோடு மோதியதால். தையல் குறையே சொல்ல முடியாது.

வாசல் ஓரத்தில் அரக்கு நிறத்தில் ஏதோ தெரிந்தது. மெதுவாக உருவினேன். ஒரு சாண் நூல். கோயில் விசேஷத்துக்கு ஒரு அம்மாவுக்குத் தைத்த அரக்கு ரவிக்கையின் நூல், என் குப்பைக் கூடையிலிருந்து போயிருக்கிறது. வாசல் விளிம்பில் மூன்று சுற்று சுற்றியிருந்தது.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து நூல் துண்டுகளை மூடி போட்ட டப்பாவில்தான் போடுகிறேன். பாலியெஸ்டர் நூல் சிலந்தி இழை போல விட்டுக்கொடுக்காது. குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் காலை அறுத்துவிடும். தையல் வேலை செய்கிறவர்கள், வீட்டில் கூடு கட்டுகிற குருவி இருந்தால், தயவுசெய்து இதை மட்டும் கவனியுங்கள். ஒட்டடையை விட்டு வையுங்கள், நூலை விட்டு வைக்காதீர்கள்.

பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த மூலைக்கு மறுபடி வந்தது. அதே குருவியா என்று சத்தியம் பண்ண முடியாது, நான் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். இந்தத் தடவை கூடு சுவர்ப் பக்கம், காற்று மறைவில். இரண்டு வாரம் போல அடை. அடைகாத்தது பெண் மட்டும்தான். வாசலில் வளைந்த மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மழைச்சொட்டு அதன் நுனியில் நின்று விழும். குஞ்சு பொரித்த பிறகு ஆணும் இரை கொண்டுவந்தது. ஒரு நாள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்தபடியே எண்ணினேன்: ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை. மூக்கில் பெரும்பாலும் சின்னச் சிலந்தி, கால்கள் மட்டும் வெளியே தெரியும். கடைசி வாரத்தில் கூட்டின் அடிப்பாகம் உப்பிப் பளு தெரிந்தது. இழைகள் நீண்டன. தையல் பிரியவில்லை. ஒரு காலை பார்த்தால் கூடு காலி, குஞ்சு செம்பருத்தியில், மூக்கு இன்னும் முழுசாக வளராமல், வாயோரம் வெளிர் மஞ்சளோடு உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகுதான் இந்தத் தீவுகளின் மற்றப் பறவைகளைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க நெஞ்சு கனத்தது. இங்கே சொந்தமாக ஒரு பச்சைக்கிளி இனம் இருந்தது. பயிரைத் தின்கிறது என்று சுட்டுச் சுட்டு, காட்டையும் வெட்டி, 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஏறக்குறைய தீர்த்துவிட்டார்கள். இப்போது அது அருங்காட்சியகப் பெட்டிகளில்தான். சீஷெல்ஸ் கதிர்க்குருவி கூஸன் என்ற ஒரே ஒரு சின்னத் தீவில் முப்பதுக்கும் குறைவாகச் சுருங்கியது. 1968-ல் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அந்தத் தீவையே விலைக்கு வாங்கித்தான் அதைப் பிழைக்க வைத்தது. குண்டுகரிச்சானுக்கு உறவான இன்னொரு பறவை 1960-களில் ஃபிரிகேட் தீவில் மட்டும், இருபதுக்கும் குறைவாக. கப்பலில் வந்த எலி, கொண்டுவந்த பூனை, தென்னந்தோப்புக்காக வெட்டிய காடு என்று காரணங்கள் வரிசையாக வருகின்றன.

தேன்சிட்டுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கடற்கரை முதல் மலைக்காடு வரை, நகரத்துக்குள்ளே கூட, இன்றும் தாராளமாக இருக்கிறது. எலிக்கும் பூனைக்கும் எட்டாத கொப்பு நுனியில் கூடு தொங்குகிறது. மனிதன் எங்கிருந்தோ கொண்டுவந்து நட்ட செம்பருத்தியிலும் வாழையிலும் காகிதப்பூவிலும் அது பிழைக்கத் தெரிந்துகொண்டது. காரணம் இதுதான் என்று என் புத்திக்குப் படுகிறது. காடு போனபோது அது வீட்டுக்கு வந்தது. இந்தத் தீவில் எனக்கு முதலில் பழக்கமான உயிர் அது என்பதில் ஆச்சரியமே இல்லை.

பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். அவர் சொல்வது ஒரே வார்த்தை: "ஸோலி." அழகு என்று அர்த்தம். கரி படிந்த குருவியைப் பார்த்து அவர் அப்படிச் சொல்லும்போது முதல் வருஷம் எனக்குப் புரியவில்லை.

ஒரு விஷயம் அம்மாவுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் டெல்டாவில் தோண்டினாலும் கல் கிடைக்காது. இங்கே வீட்டுக்குப் பின்னால் யானை படுத்தது போலக் கருங்கல் பாறைகள். இந்தப் பாறைகள் ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்தவை என்றும், சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னால் பிரிந்து இங்கேயே நின்றுவிட்டவை என்றும் படித்தேன். அது தெரிந்த நாள் சாயங்காலம் அந்தப் பாறையில் போய் உட்கார்ந்தேன். கல் இன்னும் சூடாக இருந்தது.

இன்று காலை பதினொன்றேகாலுக்குப் பெண் குருவி வந்தது. நான் ஒட்டடைக் கோலோடு கீழே நிற்கிறேன், தலையில் துண்டு கட்டியிருக்கிறேன். அது என்னைப் பார்த்தது, கோலைப் பார்த்தது, பிறகு மூலைக்குப் போய் ஒரு இழையைச் சுருட்டிக்கொண்டது. காகிதப்பூப் பக்கம் போகவில்லை. வேலியைத் தாண்டிப் பாட்டி வீட்டுச் சீமைப்பலா மரத்துக்குள் புகுந்தது. இலை பெரிசு, அடர்த்தி, கூடு எந்தக் கொப்பில் என்று இங்கிருந்து தெரியவில்லை. பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், காய் பறிக்க ஆள் ஏறுவதற்கு முன்னால் எனக்கு ஒரு குரல் கொடுக்கச் சொல்லி.

அம்மா, கோலைக் கழுவி உள்ளே வைத்துவிட்டேன். பொங்கலுக்கு அரிசி ஊறப்போட வேண்டும்.